பேசிக்கொண்டே போகிறவர்

செம்பகம் போகிறாள். ஈரச் சருகில் காலடி கேட்காது, குரல்தான் கேட்கிறது. “ஏ அட்டை, என்ன விட்ருடி. உள்ள சிகாமணி அண்ணன் உக்காந்துருக்காரு, பொள்ளாச்சி ரத்தம், நல்லா ருசியா இருக்கும், அவருகிட்டப் போ.” அந்தச் சிகாமணி நான்தான். பிறகு ரேஷன் அரிசியைப் பற்றி ஏதோ, பிறகு தன் மகள் பள்ளிக்கூடத்துக்குக் குடையை மறந்துவிட்டுப் போனதைப் பற்றி. கேட்க ஆளில்லாமல் சத்தமாகப் பேசிக்கொண்டு போகிறாள். அப்படித்தான் போக வேண்டும். பறவைக்கு எண்ணத் தெரியாது என்பது பறவைகளைப் படமெடுக்கும் எங்கள் தொழிலில் முதல் பாடம். இரண்டு பேர் சேர்ந்து கூடாரத்துக்குள் போக வேண்டும், ஒருவர் வெளியே வந்து ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிக்கொண்டே நடையைக் கட்ட வேண்டும். எங்கோ கிளையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பறவை, வந்தவர்கள் போய்விட்டார்கள் என்று முடிவுகட்டிக் கூட்டுக்குத் திரும்பும். உள்ளே ஒருவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரியாது. போன வருஷம் ஆடியிலும் இவள் இப்படித்தான் பேசிக்கொண்டே போனாள். இதே ஓடை, இதே பச்சைத்துணிக் கூடாரம், இதே முக்காலி. குரல் தேய்கிறது. இப்போது அவள் பெரிய பலா மரத்தைத் தாண்டியிருப்பாள். இனி பதினொரு மணிக்குத்தான் வருவாள். பதினொரு மணிக்கு, இவளைக் கூடு எண்ணும் வேலைக்கு வைத்திருக்கும் பறவை ஆராய்ச்சி டாக்டரம்மாவின் ஜீப்பும் வரும்.

மணி எட்டேகால். மழை விட்டுவிட்டது, தூவானம் விடவில்லை. இந்தக் காட்டில் மழை இரண்டு முறை பெய்யும், வானத்திலிருந்து ஒருமுறை, இலைகளிலிருந்து ஒருமுறை. இலைகளிலிருந்து பெய்வதுதான் முடியவே முடியாது. கூடாரத் துணியில் சொட்டுகிறது, எனக்கு எதிரே பத்தடி தள்ளி ஓடையின் மண்சுவரில் சொட்டுகிறது, சுவரில் என் இடுப்புயரத்தில் இருக்கும் அந்தப் பொந்தின் மேல் உதட்டில் சொட்டுகிறது. ஐந்து ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிய பொந்து. அதற்குள்ளே இரண்டு முழம் போனால் மூவிரல் மீன்கொத்தியின் குஞ்சுகள். எத்தனை என்று இந்த முறை யாருக்கும் தெரியாது, ஏனென்றால் செம்பகம் இப்போது பொந்துகளை எட்டிப் பார்ப்பதில்லை. ஓடைக்கு இந்தப் பக்கமே நின்று காதால் எண்ணுகிறாள். லென்ஸ் கண்ணாடியில் ஆவி படிகிறது. துடைக்கிறேன். மறுபடி படிகிறது. பச்சை வெளிச்சம், பச்சை ஈரம், பச்சை வாசனை. தண்ணீருக்கடியில் முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது. கல்யாண மண்டபங்களில் பதினெட்டு வருஷமாக வெள்ளை வெளிச்சத்தைக் கண்ணுக்கு நேரே அடித்து அடித்து வெந்துபோன கண் இது. ஆடி பிறந்தால் முகூர்த்தம் இல்லை. ஆல்பம் ஒட்டுகிற வேலையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கே வந்துவிடுவேன். இங்கே யாரிடமும் ‘கொஞ்சம் சிரிங்க, பொண்ணு தலையக் கொஞ்சம் சாய்ச்சுக்கங்க’ என்று சொல்ல வேண்டியதில்லை என்பதற்காகத்தான் வருகிறேன் என்று எல்லோரிடமும் சொல்வேன். நல்ல வசனம். ஒரு பேட்டியில்கூடச் சொன்னேன்.

பொய். பொண்ணு தலையைச் சாய்க்கிற கை எங்கே போனாலும் சாய்க்கத்தான் பார்க்கும். என் காலுக்குப் பக்கத்தில் கேமராக் கால்களுக்கான நீளப் பை கிடக்கிறது. அதற்குள் கேமராக் கால்கள் இல்லை, அவை வெளியே நிற்கின்றன. அதற்குள் ஒரு குச்சி இருக்கிறது. மூன்றரைச் சாண் நீளம், கட்டைவிரல் தடிமன், நுனியில் ஒரு கவட்டை, உடம்பெல்லாம் பாசி. பாசி காய்ந்துவிடக்கூடாதென்று ஒரு வருஷமாகக் குளியலறையில் ஈரச்சாக்கில் சுற்றி வைத்திருந்தேன். “ஏனுங்க, இதென்னங்க குச்சி, பாசி புடிச்சுக் கெடக்குது? தூக்கி வீசிப்போடட்டுங்களா?” என்று கோகிலவாணி மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் அவள்மேல் எரிந்து விழுந்தேன். ஒரு குச்சிக்காகப் பெண்டாட்டியைத் திட்டுகிற மனிதன் என்று அவள் அவளுடைய அம்மாவுக்குப் போன் செய்து சொல்லிச் சிரித்தாள். இந்த முறை எதற்காக எடுத்துவந்தேன்? நடுவதற்கா, காட்டுவதற்கா? பையில் போடும்போது காட்டுவதற்கு என்றுதான் நினைத்தேன். இப்போது அந்தச் சுவரைப் பார்க்கும்போது, பொந்துக்கு இடதுபக்கம் ஒரு சாண் தள்ளிச் சுவரடி மண் எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்றுதான் கண் பார்க்கிறது. அந்தப் பறவை வந்து உட்காரும் வேர் இருட்டில் இருக்கிறது. ஒரு குச்சி மட்டும் இங்கே இருந்தால், ஒன்பதரை மணி வெளிச்சம் அந்த இலை இடுக்கு வழியாக நேராக அதன்மேல் விழும். ஆரஞ்சும் ஊதாவும் மஞ்சளும், சிட்டுக்குருவியைவிடச் சின்ன உடம்பு, உடம்பில் பாதி நீளத்துக்கு அலகு, அலகில் துடிக்கிற அரணைக்குட்டி. எனக்குத் தெரியும். எனக்கு நன்றாகவே தெரியும், ஏனென்றால் போன வருஷம் அப்படித்தான் விழுந்தது.

காலையில் செம்பகம் வீட்டில் டீ குடித்தேன். எஸ்டேட் லயத்து வரிசையில் கடைசி வீடு. உள்ளே நுழைந்ததும் எதிர்ச் சுவரில் என் படம். ஒரு மில்லில் காலண்டராகப் போட்டார்கள், போட்டியில் பரிசு வாங்கிய படம் என்று கீழே என் பெயரோடு. நான்தான் ஒரு பிரதி அனுப்பினேன், அனுப்பாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று. குற்றமுள்ள நெஞ்சு தபால்கூட அனுப்பும். குச்சியில் பறவை, பின்னால் வெறும் பச்சை மூட்டம். பொந்து தெரியாதபடி வெட்டிவிட்டேன். “இது எந்த எடத்துலண்ணே எடுத்தது?” என்று அவள் தைமாதம் போனில் கேட்டபோது, “கீழ் ஓடைல, அது வேற ஜோடி” என்றேன். அதையும் நம்பினாள். இன்று டீயை என் கையில் கொடுக்கவில்லை, சுவர்த் திண்டில் வைத்துவிட்டு நகர்ந்தாள். “இன்னியோட முடிச்சுக்கறேண்ணே,” என்றாள். “பதினோரு மணிக்கு டாக்டரம்மா வருவாங்க. நோட்டக் குடுத்துட்டு, வேற ஆளப் பாத்துக்கங்கன்னு சொல்லிரப்போறேன். திருப்பூருக்குப் போறோம். அவருக்கும் அங்க வேல கெடைக்கும்.” ஏன் என்று நான் கேட்காமலே சொன்னாள். “என் கை வெச்ச கூடு வெளங்காதுண்ணே. போன வருசம் நாந்தான கெடுத்தேன். கம்பில கட்டுன கண்ணாடிய உள்ள விட்டுப் பாத்தனா, நாலு குஞ்சு, கண்ணுகூட முழிக்கல. எட்டலன்னு செவுத்துல கைய ஊணிட்டேன். மழ ஈரம், அஞ்சு வெரலும் பள்ளமா எறங்கிருச்சு. வழவழன்னு இருந்த செவுரு. அந்தப் பள்ளத்தப் புடிச்சுத்தான் பாம்பு ஏறிருக்கும். இல்லன்னா எப்புடிண்ணே ஏறும்? நீங்களே சொல்லுங்க.” நான் டீ குடித்தேன். சர்க்கரை தூக்கலாக இருந்தது. அதைப்பற்றித்தான் ஏதோ சொன்னேன்.

கருமந்தி ஒன்று தூரத்தில் கூப்பிடுகிறது. ஹூ ஹூ ஹூ என்று ஆரம்பித்துக் காடு முழுவதும் நிறைந்து, நின்றுவிட்ட பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் இருக்கிறது. கண்ணை மூடினால் நாதஸ்வரம் வருகிறது. எனக்கு எதுவும் கடைசியில் கல்யாணத்தில்தான் போய் முடியும். கெட்டிமேளம் என்று குரல் வந்துவிட்டால் ஷட்டரிலிருந்து விரலை எடுக்கக்கூடாது. கூரை இடிந்து விழுந்தாலும் எடுக்கக்கூடாது. உடுமலையில் ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் அப்பா மயங்கி விழுந்தார், நான் அவர் விழுவதையும் எடுத்து, தாலி முடிச்சையும் எடுத்தேன். பிற்பாடு பாராட்டினார்கள். அந்த விரல்தான் இது. போன வருஷம் செம்பகம் கண்ணாடி பார்த்துவிட்டு, கை ஊன்றிவிட்டு, அட்டையைத் திட்டிக்கொண்டே போன அரைமணி நேரத்தில் நான் சுவரடியில் குச்சியை நட்டேன். பறவை வந்து பார்த்தது, பயந்தது, ஒரு மணி நேரத்தில் பழகிவிட்டது. அன்றைக்கே அந்தப் படம் கிடைத்துவிட்டது. அவள் திரும்பி வருவதற்குள் பிடுங்கி மறைத்த குச்சியை, மறுநாள் இன்னும் நல்லதாக ஒன்று வேண்டும் என்று, அவள் போனதும் மறுபடி நட்டேன். அன்று ஒன்பது நாற்பதுக்கு, கீழே சருகிலிருந்து கொம்பேறிமூக்கன் வந்தது. பெயரிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது, கொம்பு இருந்தால் ஏறும். குச்சியின் அடியில் தலையை வைத்து, கொஞ்சம் யோசித்து, மெதுவாக ஏறியது. சுவரைத் தொடவே இல்லை. செம்பகத்தின் ஐந்து விரல் பள்ளம் அந்தப் பக்கம் சும்மா இருந்தது. கவட்டையில் உடம்பைச் சுற்றிக்கொண்டு, ஒரு சாண் இடைவெளியில் தலையை நீட்டி, பொந்துக்குள் போய்விட்டது. ஒரு கையைத் தட்டியிருந்தால் போதும். ஒரு இருமல் போதும். நான் எடுத்தது முப்பத்தொரு படம். தாய்ப்பறவை தலைக்கு மேல் கத்திக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது, கேட்டுக்கொண்டேதான் எடுத்தேன். பிறகு குச்சியைப் பிடுங்கி, நட்ட துளையைக் கட்டைவிரலால் மூடினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். கடிபட்டவன் செத்தானா என்று கொம்பேறிமூக்கன் மரத்தின் உச்சியில் ஏறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்கும் என்பார்கள். செம்பகம் வீட்டு அடுப்புப் புகையை இந்த ஒரு வருஷமாக நான் மனசுக்குள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

வந்துவிட்டது. எப்போது வந்ததென்று தெரியவில்லை. ஊசி குத்துகிற மாதிரி ஒரு சீழ்க்கை, அவ்வளவுதான், பிறகு வேரின் இருட்டில் ஒரு நிறம். தலையை மேலும் கீழும் ஆட்டுகிறது. அலகில் சிலந்தி. விரல் ஷட்டரில் இருக்கிறது, வெளிச்சம் இல்லை, எடுத்தால் கறுப்பாகத்தான் வரும். எடுக்காமல் பார்க்கிறேன். என் வாழ்க்கையில் எதையும் எடுக்காமல் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. சர்ரென்று ஒரு கோடு, பொந்து. உள்ளே குஞ்சுகளின் சத்தம், அரிசி வறுபடுகிற மாதிரிப் பொரிகிறது. செம்பகம் இதைக் கேட்டு மூன்றா நான்கா என்று சொல்லிவிடுவாள். எனக்கு ஒரே சத்தமாகத்தான் கேட்கிறது. அவளைப்போல் காது யாருக்கும் கிடையாது என்று டாக்டரம்மாவே சொல்லியிருக்கிறார். ஆறு வருஷமாக இந்த மலையில் எத்தனை பொந்து, எதில் எத்தனை முட்டை, எது பறந்தது, எது பறக்கவில்லை என்று நோட்டுப் போட்டு எழுதியவள். அந்தக் காதைத் திருப்பூர் பனியன் மெஷினின் சத்தத்தில் கொண்டுபோய் வைக்கப் போகிறாள். நான் டீயில் சர்க்கரை தூக்கல் என்று சொன்னதால்.

சொல்லிவிட்டால் என்ன ஆகும்? பரிசைத் திருப்பிக் கேட்பார்கள். அந்த மில்காரர்கள் என் பெயரை எடுத்துவிடுவார்கள். இனி எந்த ஓடைக்கும் எந்தக் காட்டு வாட்சரும் வழி காட்டமாட்டார். ‘இயற்கையை அப்படியே எடுப்பவர்’ என்று ஸ்டூடியோ வாசலில் எழுதி வைத்திருக்கிறேனே, அதை என் தம்பியே பெயிண்ட் அடித்து அழிப்பான். சொல்லாவிட்டால்? ஒன்றும் ஆகாது. அதுதான் பயமாக இருக்கிறது, ஒன்றுமே ஆகாது. அவள் போய்விடுவாள், பதினொன்று பத்துக்கு அவள் நோட்டைக் கொடுத்துவிடுவாள், அதற்குப் பிறகு சொன்னாலும் சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். கழுத்தில் ஜில்லென்று ஏதோ ஊர்கிறது. அட்டை. உப்புத்துணியால் தொடுகிறேன், சுருண்டு விழுகிறது. மணி ஒன்பதரை. சொன்ன மாதிரி இலை இடுக்கு வழியாக வெயில் இறங்குகிறது. பொந்துக்கு இடதுபக்கம் ஒரு சாண் தள்ளி, சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு வெயில். அங்கே ஒன்றுமே இல்லை. வெயில் சும்மா விழுகிறது. வீணாகிறது. ஐந்து நிமிஷம்தான் நட்டு வைத்துவிட்டு எடுத்துவிடலாம். ஐந்து நிமிஷத்தில் எந்தப் பாம்பு வரப்போகிறது? நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், இந்த முறை கையைத் தட்டுவேன். பையின் ஜிப் திறந்திருக்கிறது. நான் திறந்தது ஞாபகம் இல்லை. குச்சி கையில் இருக்கிறது, பாசி விரலில் குளிர்ச்சியாக இருக்கிறது, கூடாரத்தின் அடித்துணியைத் தூக்கிக்கொண்டு கை வெளியே போயிருக்கிறது, முழங்கை வரைக்கும். என் கை. புறங்கையில் மச்சம் இருக்கிற, மோதிரம் போட்ட, தினமும் நான் சோறு சாப்பிடுகிற கை. அதைப் பார்க்கிறேன். என்னைக் கேட்காமலே எழுந்து போய்க்கொண்டிருக்கிறது.

உள்ளே குஞ்சுகள் மறுபடி பொரிந்தன. தாய் வரவில்லை, சும்மா பொரிந்தன. குச்சியின் நிழல் ஓடைத் தண்ணீரில் விழுந்து ஆடியது. அந்த நிழலைப் பார்த்ததும் போன வருஷத்துப் பாம்பு ஞாபகம் வந்தது. கையை இழுத்துக்கொண்டேன். குச்சியை மடியில் போட்டுக்கொண்டு அழுதேன். ஐம்பது வயதில், பச்சைத்துணிக்குள், சத்தம் வராமல் அழ வேண்டியிருந்தது, சத்தம் வந்தால் பறவைக்குத் தெரிந்துவிடும். வெயில் அந்த இடத்தைவிட்டு நகர்ந்து மேலே ஒரு பெரணியில் போய் நின்றது, பிறகு அங்கேயும் இல்லை. பறவை ஏழு முறை வந்தது. ஏழா எட்டா? செம்பகம் என்றால் சரியாகச் சொல்லியிருப்பாள். நான் தூங்கினேனோ என்னவோ. தூக்கத்தில் ஒரு மண்டபம், மேடையில் யாரும் இல்லை, எல்லோரும் என் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

“ஏ பலாவே, பழமெல்லாம் கொட்டிட்டு இப்புடி வெறுமனே நிக்கிறியே.” செம்பகம் வருகிறாள். வரும்போதும் பேசிக்கொண்டே வருவாள், பறவை திடுக்கிடாமல் விலகிக்கொள்ள. துணியை விலக்கிக்கொண்டு குனிந்து உள்ளே வந்து உட்கார்ந்தாள். தலையில் மழைக்குப் போர்த்திய பிளாஸ்டிக் கொங்காணி, இடுப்பில் நோட்டு, பாலிதீன் பையில் சுற்றி.

“படம் கெடச்சுதாண்ணே? டாக்டரம்மா வந்துட்டாங்க, ரோட்ல நிக்கிறாங்க.”

“கிடைக்கல.” குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. குச்சியை எடுத்து அவள் மடியில் வைத்தேன். “செம்பகம், இதப் பாரு. போன வருசம் நீ பேசிட்டே போனதுக்கப்புறம் இத நான் செவுத்தடில நட்டேன். படத்துக்காக. பாம்பு இதுலதான் ஏறுச்சு. உன்ற கைப் பள்ளத்த அது தொடவே இல்ல சாமி. நான் பாத்துட்டுதான் இருந்தேன்.”

அவள் குச்சியைத் தொட்டாள். சாண் போட்டாள், வாய்க்குள்ளே எண்ணிக்கொண்டே. மூன்றரை. “பொந்துக்கும் இதுக்கும் எவ்வளவு?”

“ஒரு சாண்.”

“காலண்டர்ல இருக்கறது இந்தக் குச்சியா?”

“ஆமா.”

“பாத்துட்டு இருந்தீங்கன்னா, என்ன பண்ணுனீங்க?”

“படம் எடுத்தேன்.”

வெளியே சொட்டிக்கொண்டிருந்தது. அவள் மணிக்கட்டில் ஒரு அட்டை ஏறி, இடம் தேடி, தலையை ஊன்றியது. அவள் அதைப் பிடுங்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “எங்கக்காவுக்குச் சித்திரைல கொழந்த பொறந்துச்சு,” என்றாள் மெதுவாக. “இந்தா தூக்குடின்னு நீட்டுச்சு. நான் கை நீட்டல. மூணு மாசமாச்சு. அவ எங்கிட்டப் பேசறதே இல்ல.”

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தையாக இருக்க வேண்டும். அவள் கேமராவைப் பிடித்து ஒதுக்கி வைத்தாள். நான் உட்கார்ந்திருந்த முக்காலியைத் தன் பக்கம் இழுத்தாள்.

“நீங்க போங்க. நான் உக்காந்து பாக்கணும்.”

“ஜீப்பு நிக்குதுன்னியே...”

“நிக்கட்டும். ஒரு வருசமாச்சு பக்கத்துல வந்து.” கண்ணைத் துணியின் துவாரத்தில் வைத்துவிட்டாள். என்னைப் பார்க்காமலே சொன்னாள், “பேசிட்டே போங்க. ரோடு வரைக்கும். நடுவுல நிறுத்துனீங்கன்னா அது வராது.”

குச்சியை அவள் தரவில்லை. நான் வெளியே வந்தேன். பேச வேண்டும். இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட நான் பேசிக்கொண்டே போகிறவனாக இருந்ததில்லை, எப்போதும் உள்ளே உட்கார்ந்திருப்பவன். “ஏ அட்டை” என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் வரவில்லை. ரேஷன் அரிசி, குடை, எதுவும் எனக்கு இல்லை. பின்னால் எங்கோ உயரத்தில் பறவை ஒருமுறை கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறது. நான் எப்போது போவேன் என்று பார்க்கிறது. இருப்பது ஒன்றுதான், அதைச் சொன்னேன். “குச்சிய நட்டது நான்.” காட்டில் என் குரல் நன்றாகவே கேட்டது. “நாலு குஞ்சு. கண்ணு முழிக்கல. செம்பகம் கை இல்ல. நட்டது நான், சிகாமணி.” பலா மரத்தைத் தாண்டினேன். பின்னால் அந்த ஊசிச் சீழ்க்கை, பொந்தின் பக்கம் இறங்குகிறது. மூச்சு வாங்குகிறது, மேடு. “முப்பத்தொரு படம் எடுத்தேன். கையத் தட்டல.” மரங்களுக்கு நடுவில் ரோட்டின் வெளிச்சம் தெரிகிறது, ஜீப் தெரிகிறது. டாக்டரம்மா கதவைத் திறந்து இறங்கி, கையைக் கண்ணுக்கு மேலே வைத்துக்கொண்டு, “என்ன சிகாமணி, யார்கிட்டப் பேசிட்டு வர்றீங்க?” என்கிறார். ரோட்டுக்கு இன்னும் இருபதடி இருக்கிறது. நிறுத்தினால் அது வராது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, முதலிலிருந்து, இன்னும் சத்தமாகச் சொல்லிக்கொண்டு நடக்கிறேன்.